சுங்கத்தில் நிற்கும் பார்சலுக்கு யார் பொறுப்பு?

ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனையைச் சுற்றியுள்ள அடுக்ககங்களில், வரவேற்பறையின் ஒரு மூலையை அட்டைப்பெட்டிகளும் ஒட்டுநாடாவும் எடை பார்க்கும் கருவியும் பிடித்துக்கொண்டிருக்கும் வீடுகள் சில உண்டு. ஒரு வீட்டில் காஞ்சிபுரத்துக் கொலு பொம்மைகள். இன்னொரு வீட்டில் கைத்தறிச் சேலைகள். வேறொன்றில் பித்தளைக் குத்துவிளக்குகள். வாங்குபவர்கள் நியூஜெர்சியிலும் டொராண்டோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். கணவர் மணப்பாக்கத்துக்கோ போரூருக்கோ வேலைக்குப் போன பிறகு, இந்த வீடுகளின் பெண்கள் கைப்பேசியில் படம் எடுத்து, விலை போட்டு, உலகம் முழுவதும் விற்கிறார்கள். ‘ஏற்றுமதியாளர்’ என்றால் துறைமுகமும் கொள்கலனும் நினைவுக்கு வரும் நமக்கு, இவர்களும் சட்டப்படி ஏற்றுமதியாளர்கள்தான் என்பது எளிதில் உறைப்பதில்லை. சமயங்களில் அவர்களுக்கே உறைப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் அடுக்ககத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொலு பொம்மை விற்கும் பெண்மணி ஒருவர், 2025 ஆகஸ்ட் இறுதியில் தசாவதாரத் தொகுப்பு ஒன்றைத் தனியார் கூரியர் மூலம் அமெரிக்காவுக்கு அனுப்பினார். பொம்மைகள் ஒரு வாரத்திலேயே அந்நாட்டு மண்ணைத் தொட்டுவிட்டன. ஆனால், வாங்கியவரின் வாசலைத் தொடவில்லை. பொம்மை விலையில் பாதிக்கு மேல் சுங்கத் தீர்வை, அதற்கு மேல் கையாளும் கட்டணம் என்று ஒரு தொகையைக் கூரியர் நிறுவனம் வாங்கியவரிடம் கேட்டது. “விலை, அனுப்பும் செலவு எல்லாம் கொடுத்துவிட்டேன். இது என்ன புதிதாக?” என்று அவர் கட்ட மறுத்தார். பேச்சுவார்த்தை நீண்டது. செப்டம்பர் 22இல் நவராத்திரி தொடங்கியது. அக்டோபர் 2இல் விஜயதசமியும் முடிந்தது. கொலு கலைந்த பிறகு தசாவதாரம் எதற்கு? ‘பொருள் வரவில்லை’ என்று விற்பனைத் தளத்தில் புகார் பதிவானது. முழுத் தொகையும் திரும்பிப் போனது. பொம்மையைத் திருப்பிக் கொண்டுவர ஆகும் செலவு பொம்மை விலையைவிட அதிகம் என்பதால் அதையும் கைவிட வேண்டியதாயிற்று. பொம்மையும் போய், பணமும் போய், தளத்தில் அவருக்கிருந்த ஐந்து நட்சத்திர மதிப்பும் குறைந்தது.

இதில் யார் மீது தவறு? வாங்கியவர் ஏமாற்றுக்காரர் அல்ல. விற்றவரும் பொய் சொல்லவில்லை. சுங்க அதிகாரி தன் கடமையைச் செய்தார். ஆயினும் நட்டம் முழுவதும் ஒருவர் தலையில் விழுந்தது.

800 டாலர் கதவு மூடியபோது

குறைந்த மதிப்புள்ள பொருள்களுக்குத் தீர்வை விதிப்பதில்லை என்ற ஏற்பாடு பல நாடுகளில் நெடுங்காலமாக இருந்தது. சில டாலர் வரிக்காக ஒவ்வொரு பார்சலையும் திறந்து பார்ப்பது அரசுக்கே நட்டம் என்பதுதான் அதன் அடிப்படை. அமெரிக்காவில் இந்த வரம்பு 200 டாலராக இருந்தது. 2016இல் 800 டாலராக உயர்த்தப்பட்டது. இணையவழிச் சில்லறை வணிகத்துக்கு அது அகலத் திறந்த கதவு. கொலு பொம்மை விற்பவர், சேலை விற்பவர் எல்லாருடைய கணக்கும் அந்தக் கதவை நம்பியே போடப்பட்டிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அப்படியொரு கதவு இருப்பதையே அறிந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். தடையின்றி நடக்கும்போது யாரும் நிலைப்படியைப் பார்ப்பதில்லை.

2025 ஜூலை 30இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையின் மூலம், எல்லா நாடுகளுக்குமான இந்தச் சலுகையை அமெரிக்கா ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவைத்தது. அதே மாதம் 7ஆம் தேதி இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீதக் கூடுதல் தீர்வையும், 27ஆம் தேதி மேலும் 25 சதவீதமும் நடைமுறைக்கு வந்திருந்தன. அஞ்சல் வழியாக வரும் பார்சல்களுக்கான தீர்வையை விமான நிறுவனங்களோ, அமெரிக்கச் சுங்கத் துறை ஏற்றுக்கொண்ட தரப்பினரோ வசூலித்துச் செலுத்த வேண்டும் என்றது புதிய ஏற்பாடு. யார் அந்தத் தரப்பினர், எந்த முறையில் வசூலிப்பது என்பது தெளிவாகாத நிலையில், விமான நிறுவனங்கள் அஞ்சல் பைகளை ஏற்றத் தயங்கின. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல், கடிதம், ஆவணம், 100 டாலர் வரையிலான பரிசுப் பொருள் தவிர்த்த அனைத்தையும் நிறுத்தியது. சில நாள்களில் அந்த விதிவிலக்கும் போனது. அமெரிக்காவுக்கான அஞ்சல் முழுமையாக நின்றது. ஏற்கெனவே பதிவாகி அனுப்ப முடியாமல் தங்கிய பார்சல்களுக்கு அஞ்சல் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று அறிவிக்கப்பட்டது.

இந்தியா மட்டும் தடுமாறவில்லை. 1874 முதல் உலக நாடுகளின் அஞ்சல்களை இணைத்துவரும் உலக அஞ்சல் ஒன்றியத்தின் கணக்குப்படி, ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவுக்கான அஞ்சல் போக்குவரத்து முந்தைய வாரத்தைவிட 81 சதவீதம் சரிந்தது. 88 அஞ்சல் நிர்வாகங்கள் தங்கள் சேவையை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்தியிருந்தன.

இந்திய அஞ்சல் துறை அக்டோபர் 15 அன்று சேவையை மீண்டும் தொடங்கியது. நவராத்திரி முழுவதும் அடைபட்டிருந்த வழி, தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு திறந்தது. அதுவும் பழைய வழியாக அல்ல. பொருளின் அறிவிக்கப்பட்ட மதிப்பில் 50 சதவீதத்தைத் தீர்வையாக அனுப்புபவரிடமே முன்கூட்டி வாங்கிக்கொள்ளும் புதிய ஏற்பாடு அது. விகிதங்கள் பேச்சுவார்த்தைக்கும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் ஏற்ப மாறக்கூடியவை. எனவே அந்த 50 என்ற எண்ணை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. அனுப்பும் நாளன்று என்ன விகிதம் என்று கேட்டறிவதே முறை. ஆனால், ‘தீர்வையை முன்கூட்டியே அனுப்புபவர் கட்டுவது’ என்ற முறை வந்துவிட்டது. இது நிலைக்கும் என்றே தோன்றுகிறது.

மற்ற நாடுகளும் அப்படித்தான்

அமெரிக்காவை மட்டும் குறைகூறுவதில் பொருளில்லை. ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதலே 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான சிறு பொருள்களுக்கு ஜிஎஸ்டி வசூலிக்கிறது. பிரிட்டன் 2021 ஜனவரியில் 15 பவுண்ட் சலுகையை நீக்கி, 135 பவுண்ட் வரையிலான பொருள்களுக்கு விற்கும் இடத்திலேயே மதிப்புக் கூட்டு வரியை வாங்கத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு ஜூலையில் 22 யூரோ சலுகையை நீக்கியது. சிங்கப்பூரில் 2023 ஜனவரியிலும் மலேசியாவில் 2024 ஜனவரியிலும் குறைந்த மதிப்புப் பொருள்களும் வரிக்குள் வந்துவிட்டன. ஏன், இந்தியாவே 2019 டிசம்பரில், வெளிநாட்டிலிருந்து பரிசு என்ற பெயரில் 5,000 ரூபாய் வரை தீர்வையின்றிப் பொருள்கள் வருவதை, ராக்கியையும் உயிர்காக்கும் மருந்துகளையும் தவிர்த்து, நிறுத்தியது. சீனத் தளங்களிலிருந்து ‘பரிசு’களாகக் குவிந்த பொருள்கள் அதற்குக் காரணம். உள்நாட்டுக் கடைக்காரர் வரி கட்டும்போது கடல்கடந்து விற்பவர் மட்டும் ஏன் கட்டக் கூடாது என்ற கேள்வி எல்லா நாட்டிலும் எழும் கேள்விதான்.

தளத்தின் மூலம் விற்றால் மேற்சொன்ன நாடுகளில் பெரும்பாலும் தளமே வரியை வசூலித்துக் கட்டிவிடும். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டகிராமிலும் நேரடியாக விற்பவர்களுக்குத்தான் தலைவலி.

தாமதம் எங்கே நேர்கிறது?

‘கஸ்டம்ஸில் நிற்கிறது’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் பார்சல் இரண்டு நாடுகளின் சுங்கத்தைக் கடக்கிறது. எந்தச் சுங்கத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே யாரிடம் கேட்பது, யார் பதில் சொல்வது என்பதெல்லாம் அமையும். அனுப்பியவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதலாவது, நம் நாட்டுச் சுங்கம். வணிக நோக்கில் அனுப்பும் எவருக்கும் இறக்குமதி - ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் செலுத்தி, பான் எண்ணின் அடிப்படையில் இதைப் பெறலாம். ஒருமுறை பெற்றால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் விவரங்களை உறுதிப்படுத்தாவிட்டால் அந்த எண் செயலிழந்துவிடும். ஜூலையில் பார்சல் திரும்பி வரும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

அஞ்சல் வழி ஏற்றுமதிக்கு 2022 டிசம்பரில் வந்த மின்னணு விதிமுறைகள் உண்மையிலேயே நல்ல மாற்றம். முன்பு காகித அறிக்கையுடன் வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்துக்கே போக வேண்டியிருந்தது. இப்போது ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ எனப்படும் அஞ்சலக ஏற்றுமதி மையங்கள் நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. வீட்டிலிருந்தபடியே கணினியில் ஏற்றுமதி அறிக்கையைத் தாக்கல் செய்து, பார்சலை மையத்தில் கொடுத்தால் போதும். அது வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்துக்குப் போய் அங்கே சுங்க அனுமதி பெறும். அனுப்பியவர் அங்கே போய்க் காத்திருக்க வேண்டியதில்லை. கூரியர் வழியிலும், ஒரு சரக்குக்கான உச்ச மதிப்பு 2023இன் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் 5 லட்சம் ரூபாயிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது.

நம் சுங்கத்திலேயே நின்றுபோகும் பொருள்கள் சில குறிப்பானவை. மயிலிறகும் மயிலிறகால் ஆன பொருள்களும் ஏற்றுமதிக்குத் தடை செய்யப்பட்டவை. கிருஷ்ணர் பொம்மையின் முடியில் செருகிய ஒற்றை இறகும் இதில் அடங்கும். சந்தன மரத்துக்கும் செம்மரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. எல்லாவற்றையும்விடத் தமிழ்நாட்டில் அதிகம் இடறுவது வெண்கலமும் பித்தளையும். நூறாண்டு பழமையான கலைப்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் தடுக்கிறது. சிலைத் திருட்டில் நாம் இழந்தவற்றை எண்ணிப் பார்த்தால் இந்தக் கண்டிப்பைக் குறைசொல்ல முடியாது. ஆனால், சுவாமிமலையில் போன மாதம் வார்த்த நடராசருக்கு ‘பழமை மெருகு’ ஏற்றி விற்பவர், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடமிருந்து முன்கூட்டியே வாங்கி வைக்காவிட்டால், அந்த நடராசர் மீனம்பாக்கத்தைத் தாண்ட மாட்டார். பழையதுபோல் தோன்றுவதால்தான் அதற்கு விலை. அதே தோற்றத்தால்தான் தடையும்.

இரண்டாவது, சேருமிடத்தின் சுங்கம். தகராறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

ஒரு வரியில் இருக்கிறது விஷயம்

பார்சலின் மேல் ஒட்டும் சி.என்.22 அல்லது சி.என்.23 என்ற சுங்க அறிவிப்புப் படிவத்தில், பொருள் என்ன என்று எழுத ஒரு வரி இருக்கும். ஒரு வார உழைப்பைப் போட்டுப் பொம்மையைப் பொதிபவர்கள்கூட, இந்த வரியை அரை நிமிடத்தில் கிறுக்கிவிடுகிறார்கள். 2021 ஜனவரி முதல் இந்த விவரங்கள் பார்சல் புறப்படும் முன்பே மின்னணு வடிவில் சேருமிட நாட்டுக்குப் போயாக வேண்டும் என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஏற்பாடு. அதாவது, பெட்டி விமானம் ஏறும் முன்பே அந்த ஒரு வரியை ஒரு கணினி படித்துவிடுகிறது.

கொலு பொம்மையையே எடுத்துக்கொள்வோம். ‘பொம்மை’ என்று நாம் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் விளையாட்டுப் பொம்மை என்று எழுதினால், அது பன்னாட்டுச் சுங்கப் பொருள் பட்டியலில் 9503 என்ற தலைப்பின் கீழ்ப் போய்விடும். குழந்தைகள் விளையாடும் பொருள் என்றால் அமெரிக்காவில் அதற்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று வேண்டும். ஐரோப்பாவில் வேறு முத்திரை வேண்டும். சான்று இல்லாத பார்சல் நிற்கும். சுட்ட களிமண்ணில் செய்து, படியில் வைத்து வணங்கவும் அழகு பார்க்கவும் மட்டுமே பயன்படும் உருவச் சிலைக்குரிய தலைப்பு 6913. காகிதக் கூழில் செய்தது இன்னொரு தலைப்பின் கீழ் வரும். ‘சுட்ட களிமண் அலங்காரச் சிலை, பண்டிகைக்கு, விளையாட்டுப் பொருள் அல்ல, 10 எண்ணிக்கை, காஞ்சிபுரம், இந்தியா’ என்று ஆங்கிலத்தில் எழுத இன்னும் அரை நிமிடம்தான் ஆகும். இது ஏமாற்று வேலை அல்ல. உண்மையைச் சரியாகச் சொல்வது.

பொதியும் பொருளும் கவனிக்கத்தக்கது. மண் பொம்மைக்கு வைக்கோல் சுற்றுவது நம் மரபு. காஞ்சிபுரத்திலிருந்து ஐயப்பன்தாங்கல் வரும்வரை அதைவிடச் சிறந்த பொதி இல்லை. அதே வைக்கோலோடு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினால், பொம்மையைப் பார்க்கும் முன்பே அந்நாட்டின் உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் வைக்கோலைப் பார்ப்பார்கள். பிறகு நடப்பது தெரிந்ததே. பொடிகளும் இனிப்பும் ஊறுகாயும் அனுப்புவோருக்கு ஒரு சொல்: வீட்டில் செய்ததைத் தனிநபர் பரிசாக அனுப்புவதற்கு அமெரிக்க உணவு - மருந்து நிர்வாகம் தரும் விலக்கு, விற்பனைக்குப் பொருந்தாது, அதற்கு முன்னறிவிப்புப் பதிவு தேவை. குருமாவில் நாம் இயல்பாக அரைத்துச் சேர்க்கும் கசகசா, சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் போதைப்பொருள் சட்டத்தின் கண்ணில் படும் பொருள்.

பிறகு, அந்தப் பழைய யோசனை: “பரிசு என்று போட்டு, பத்து டாலர் என்று எழுதிவிடுங்கள்.” இதை அதிகம் சொல்பவர்கள் வாங்குபவர்களே. நம்மவர், வாடிக்கையாளர், கோபித்துக்கொள்வாரே என்று விற்பவரும் எழுதிவிடுகிறார். ஆனால் தளத்தில் 140 டாலருக்கு விற்றதன் பதிவு இருக்கிறது. வங்கியில் 140 டாலர் வந்ததன் பதிவு இருக்கிறது. பெட்டியில் மட்டும் பத்து டாலர். இந்தியச் சுங்கச் சட்டத்தின் 114ஏஏ பிரிவின்படி, தெரிந்தே பொய்யான அறிவிப்புச் செய்பவருக்குப் பொருளின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை தண்டத்தொகை விதிக்கலாம். அது ஒருபுறமிருக்க, பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தப் பத்து டாலரை வைத்தே பேசப்படும். மோசடிக்கு உடன்பட்டவர் தகராறில் வெல்வது கடினம். அவரது ஆவணமே அவருக்கு எதிரான சாட்சி.

தீர்வை யார் கட்டுவது?

சட்டத்தின் பொதுநிலை எளிமையானது. பொருள் எந்த நாட்டுக்குள் நுழைகிறதோ அந்நாட்டில் அதை வரவழைப்பவர்தான் இறக்குமதியாளர்; தீர்வை அவருடைய பொறுப்பு. ஆனால், விற்பவரும் வாங்குபவரும் வேறுவிதமாக உடன்படலாம். பன்னாட்டு வணிகச் சபை வகுத்துள்ள வணிக நிபந்தனைச் சொற்களில் இரண்டு இங்கே முக்கியமானவை. டிஏபி என்றால் விற்பவர் இடம்வரை கொண்டுசேர்ப்பார், தீர்வையை வாங்குபவர் கட்டுவார். டிடிபி என்றால் தீர்வையும் விற்பவருடையது. பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் மட்டுமே புழங்கிய இந்த மூன்றெழுத்துகள் இப்போது ஐயப்பன்தாங்கல் வரவேற்பறைக்கும் வந்துவிட்டன. இவற்றில் எது என்று சொல்லாமல் விற்றால், ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமானதை எண்ணிக்கொள்வார்கள்.

என் அண்டைவீட்டுப் பெண்மணியின் தளப் பக்கத்தில் பொம்மையின் உயரம் இருந்தது, நிறம் இருந்தது, எடை இருந்தது. ‘உங்கள் நாட்டில் விதிக்கப்படும் தீர்வையும் கட்டணமும் விலையில் சேரவில்லை’ என்ற வரி மட்டும் இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தாலும் வாங்கியவர் கட்டியிருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால், புகாரை விசாரித்தவருக்கு முன்னால் வைக்க அவரிடம் ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

புகார் வந்த பிறகு

வெளிநாட்டு வாடிக்கையாளருடனான தகராறு நீதிமன்றத்துக்குப் போவது அரிது. தீர்ப்பு வழங்குபவை மூன்று இடங்கள்: விற்பனைத் தளம், பணம் கைமாற்றும் நிறுவனம், வாங்கியவரின் அட்டையை வழங்கிய வங்கி. இவை மூன்றும் காலக்கெடுவால் இயங்குபவை. கெடு தவறினால் நியாயம் கேட்கப்படுவதே இல்லை. இபேயில் ‘பொருள் வரவில்லை’ என்ற கோரிக்கைக்குப் பதில் சொல்ல விற்பவருக்கு மூன்று வேலைநாள்தான். அவர்களுடைய பகல் நமக்கு இரவு என்பதால் அது இரண்டரை நாளாகிவிடுகிறது. பேபாலில் வாங்கியவர் பணம் செலுத்திய 180 நாள் வரை முறையிடலாம். முறையீட்டை 20 நாளுக்குள் அடுத்த நிலைக்கு அவர் உயர்த்தாவிட்டால் அது தானே முடிந்துவிடும். ‘புகாரை மூடிவிடுங்கள், பேசிக்கொள்ளலாம்’ என்று விற்பவர் கேட்பதும், ‘மூடினால் திறக்க முடியாதே’ என்று வாங்குபவர் அஞ்சுவதும் இதனால்தான். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது.

வங்கி வழிப் புகாரில் பலரும் அறியாத ஒரு பிடிமானம் உண்டு. பொருள் வரவில்லை என்ற காரணத்துக்கு விசா நிறுவனம் வகுத்துள்ள 13.1 என்ற விதியில், அட்டைதாரரின் நாட்டுச் சுங்கத்தால் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் பொருளுக்கு அந்தக் காரணத்தைச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கோர முடியாது என்று இருக்கிறது. ஆனால், பார்சல் அங்கே நிற்கிறது என்பதை நிறுவ வேண்டியவர் விற்றவர்தான். ‘சுங்கத்தில் இருக்கிறது சார்’ என்று சொல்வது சான்றாகாது. எந்தத் தேதியில் எந்த அலுவலகத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் தடமறிதல் பக்கத்தின் படம், தீர்வை கேட்டு வாங்கியவருக்கு அனுப்பிய அறிவிப்பின் நகல், அனுப்பிய நாளின் ரசீது, ஏற்றுமதி அறிக்கை, தொடக்கத்திலிருந்து நடந்த உரையாடல் ஆகியவை வேண்டும். உரையாடல் தளத்தின் செய்திப்பெட்டிக்குள்ளேயே நடந்திருப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் பேசியதைத் தளம் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை. தடமறிதல் பக்கத்தை அன்றன்றே படமெடுத்து வைக்க வேண்டும். அந்தப் பதிவுகள் என்றென்றைக்கும் இருப்பவை அல்ல.

வாங்கியவருக்கு எழுதும் முதல் கடிதத்தின் தொனியும் முக்கியம். அவருக்குத் தெரியாத ஒன்றை நாம் சொல்லப்போகிறோம் என்ற நினைவோடு எழுத வேண்டும். எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, அவர் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று எழுதினால் பாதிச் சண்டை அடங்கும். சுங்கத் துறை இறக்குமதியாளரிடம்தான் பேசும். சென்னையிலிருந்து விற்பவர் நியூயார்க் சுங்கத்துக்கு அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பெரும்பாலும் மதிப்பில்லை. பண்டிகைப் பொருளாக இருந்தால், தீர்வையில் பாதியை நான் ஏற்கிறேன் என்று முதல் நாளே சொல்வது, பத்தாம் நாள் முழுத் தொகையையும் இழப்பதைவிட மலிவு. இது கொள்கை அல்ல, கணக்கு.

அனுப்பிய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கலாமா? உலக அஞ்சல் ஒப்பந்தப்படி, பதிவு செய்த பார்சல் பற்றி அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கோரலாம். தொலைந்தால் வரம்புக்குட்பட்ட இழப்பீடும் உண்டு. ஆனால், சுங்க அதிகாரிகளின் முடிவுகளுக்கு அஞ்சல் நிர்வாகங்கள் பொறுப்பல்ல என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. உள்நாட்டிலும், 1898ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த அஞ்சலகச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, விதிகளில் குறிப்பிட்டுள்ள பொறுப்பைத் தவிர வேறெந்தப் பொறுப்பும் அஞ்சலகத்துக்கு இல்லை என்கிறது. நூற்றிருபத்தைந்து ஆண்டு கழித்து வந்த புதிய சட்டமும் இதில் பழைய சட்டத்தின் நிழலிலேயே நிற்கிறது. தனியார் கூரியர்களின் ரசீதுக்குப் பின்பக்கமோ இன்னும் கறாரானது.

திரும்பி வரும் பெட்டி

யாரும் பேசாத பகுதி ஒன்று உண்டு. மறுக்கப்பட்ட பார்சல் திரும்பி இந்தியாவுக்குள் வரும்போது, அது சட்டத்தின் பார்வையில் ஓர் இறக்குமதி. நம் ஊரில் செய்த பொம்மைக்கு நம் நாட்டிலேயே இறக்குமதித் தீர்வை கேட்கப்படலாம். 2017 ஜூன் 30இல் வெளியான 45ஆம் எண் சுங்க அறிவிக்கை, மூன்றாண்டுக்குள் திரும்பும் நம் பொருளுக்கு நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கிறது. போன பொருளும் வந்த பொருளும் ஒன்றே என்று நிறுவ வேண்டும். ஏற்றுமதியின்போது பெற்ற சலுகைகளைத் திருப்பிக் கட்ட வேண்டும். கொள்கலன் அளவில் ஏற்றுமதி செய்பவருக்கு இதற்கென முகவர் இருக்கிறார். மூன்று கிலோ பெட்டிக்கு யார் இருக்கிறார்? ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் ஓர் எண் எழுதி, அதே எண்ணை விலைப்பட்டியலில் குறிப்பிட்டு, பொதியும் முன் படமெடுத்து வைப்பது சிறு வேலை. அதுதான் பின்னர் ‘ஒன்றே’ என்று காட்ட உதவும்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தபின் இன்னொரு நூல் தொங்கிக்கொண்டிருக்கும். ஏற்றுமதி என்று பதிவான பொருளுக்குரிய அந்நியச் செலாவணி குறிப்பிட்ட காலத்துக்குள் வந்துசேர வேண்டும் என்கிறது சட்டம். ஒன்பது மாதமாக இருந்த இந்தக் கெடுவை ரிசர்வ் வங்கி 2025 நவம்பரில் பதினைந்து மாதமாக நீட்டியது. அதற்கு முந்தைய மாதம், 10 லட்சம் ரூபாய் வரையிலான சிறு பதிவுகளை ஏற்றுமதியாளரின் உறுதிமொழியின் பேரிலேயே வங்கிகள் முடித்துவைக்கலாம் என்றும் அறிவித்தது. சிறு விற்பனையாளருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால், வங்கிக் கிளைக்குச் சென்று கேட்டால்தான் நடக்கும், தானாக நடக்காது.

ஏற்றுமதி மையங்களின் எண்ணிக்கையைப் பெருக்கிய அரசு, இனி அந்த மையங்களில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பொருளுக்கு எந்தத் தலைப்பு, எந்த நாட்டில் என்ன தடை, இன்றைய தீர்வை என்ன என்று தமிழில் சொல்ல ஒருவர், வாரத்தில் ஒரு நாளாவது இருக்கலாம். அதற்குப் புதிய கட்டடமோ திட்டமோ தேவையில்லை. திரும்பிவரும் சிறு பெட்டிகளுக்கு, ஏற்றுமதி அறிக்கை எண்ணைக் கொடுத்தாலே விடுவிக்கும் எளிய வழி ஒன்று வேண்டும். அமெரிக்காவுக்கான அஞ்சல் நின்ற ஏழு வாரங்களில், பண்டிகைப் பொருள் செய்பவரும் விற்பவரும் இழந்தது அந்த ஆண்டின் வருமானத்தில் பெரும்பகுதி. செப்டம்பரில் விற்காத கொலு பொம்மையை நவம்பரில் யாரும் கேட்பதில்லை.

எங்கள் அடுக்ககத்துப் பெண்மணி தொழிலை விடவில்லை. 2026இல் நவராத்திரி அக்டோபர் 11இல் தொடங்குகிறது. அமெரிக்க ஆர்டர்களை ஆடிப்பெருக்கோடு முடித்துக்கொள்வதாகத் தன் பக்கத்தில் அறிவித்திருக்கிறார். தீர்வையைச் சேர்த்த விலை, சேர்க்காத விலை என்று இரண்டு விலைகள் போட்டிருக்கிறார். வைக்கோலுக்குப் பதில் கத்தரித்த பழைய செய்தித்தாள். பொம்மைகளின் அடியில் சிறிய எழுத்தில் எண்கள். மச்ச அவதாரம் ஒன்றில் தொடங்குகிறது.